ஏரி எல்லாருக்கும், முறை யாருக்கு? பழவேற்காட்டில் ஒரு வீடு ஓடும் விதம்

இது எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக, திரும்பத் திரும்ப வந்த வார்த்தைகளை மட்டும் எடுத்திருக்கிறோம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.

 

இன்னைக்கு எபிசோடை மீன் கடையிலிருந்து ஆரம்பிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலைல அரை கிலோ இறால் வாங்கறோம். கடைக்காரர்கிட்ட நாம கேக்கற கேள்விகள் கிட்டத்தட்ட ஒண்ணுதான்: "என்ன விலை? ஃப்ரெஷ்ஷா? உரிச்சுக் குடுப்பீங்களா?" சில சமயம் அவர் கூடுதலா ஒரு வார்த்தை சொல்வார், "இது ஏரி இறால்"னு. அந்த 'ஏரி' எங்கே இருக்கு, அந்த இறாலைப் பிடிச்சவர் வீட்ல மாசம் எப்படி ஓடுதுன்னு நாம யோசிக்கறதில்லை. ஏரியில மீன் இருக்கு, போய்ப் பிடிக்கறாங்க, விக்கறாங்க, அவ்ளோதானேன்னு நினைச்சுக்கறோம்.

அவ்ளோதான் இல்லைங்கறதைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம். சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர்ல இருக்கற பழவேற்காடு ஏரியை எடுத்துக்கலாம். அங்கே ஒரு குடும்பத்தோட வருமானம் ரெண்டு விஷயத்தை நம்பியிருக்கு. ஒண்ணு, ஏரிக்கும் கடலுக்கும் நடுவுல இருக்கற வாய் திறந்திருக்கணும். ரெண்டு, அந்த வீட்டுக்கு வலை போட ஒரு முறை இருக்கணும். ஏரியில எவ்வளவு மீன் இருக்குங்கற கேள்வி இந்த ரெண்டுக்கும் அப்புறம்தான் வருது.

முதல்ல, இது என்ன மாதிரி ஏரி?

பழவேற்காட்டுக்கு வீக்எண்ட்ல போயிருப்பீங்க. பூநாரை பார்க்க, டச்சுக்காரங்க கல்லறை பார்க்க, போட்ல ஒரு சுத்து வர. நாம அதை ஏரின்னு சொன்னாலும், செம்பரம்பாக்கம் மாதிரியான ஏரி இல்லை அது. மழைத்தண்ணியைத் தேக்கி வைக்கக் கட்டினது கிடையாது. கடலுக்குப் பக்கத்துல, மணல் திட்டுக்குப் பின்னாடி தேங்கி நிக்கற உப்பங்கழி. இந்தியாவுல ஒடிசாவோட சிலிகா ஏரிக்கு அடுத்து இதுதான் ரெண்டாவது பெரிய உப்பங்கழி. பெரும்பகுதி ஆந்திராவுல இருக்கு. தெற்கு முனை மட்டும் நம்ம திருவள்ளூர் மாவட்டத்துல, பொன்னேரி பக்கம் வருது.

ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நடுவுல ஒரு நீளமான தீவு இருக்கு. பேர் உங்களுக்குத் தெரியும், ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடற அதே இடம்தான். தெற்கே ஆரணி ஆறு, ஆந்திரப் பக்கம் காளங்கி, சுவர்ணமுகி ஆறுகள் நல்ல தண்ணியைக் கொண்டு வந்து கொட்டுது. கடல் பக்கம் முகத்துவாரம் வழியா உப்புத்தண்ணி உள்ளே வருது. ஏரியோட பெரும்பகுதியில ஆழம் ரொம்பக் கம்மி, பல இடத்துல ஒரு ஆள் நடந்தே போகலாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில ஆறு நிரம்பி வந்தா ஏரி பெருசாகும், உப்பு குறையும். கோடையில தண்ணி சுருங்கும், உப்பு ஏறும். அதுக்கேத்த மாதிரி மீனும் மாறும். மடவை, கெளுத்தி, பால் மீன், சேத்து நண்டு, இறால்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு பருவம் இருக்கு. அதனால ஏரிக்கரையில வாழற வீட்டுக்கு வருஷம் பூரா ஒரே வேலை, ஒரே வருமானம்னு எதுவும் கிடையாது. எந்த மாசத்துல எந்த வலை, எந்த வலைக்கு எவ்வளவு தண்ணி, இதெல்லாம் அவங்க தலைக்குள்ள ஒரு காலண்டரா ஓடிக்கிட்டே இருக்கும்.

இறால் போற வழி

இந்த ஏரியோட பொருளாதாரத்தைப் புரிஞ்சுக்க இறாலோட வாழ்க்கையைக் கொஞ்சம் தெரிஞ்சுக்கணும். ரெண்டு நிமிஷம் குடுங்க, இது சுவாரசியமான கதை.

வெள்ளை இறாலை எடுத்துக்கலாம். தாய் இறால் முட்டை போடறது ஏரியில இல்லை, கடல்ல. முட்டை பொரிச்சு, கண்ணுக்கே சரியா தெரியாத குஞ்சுகளா சில வாரம் கடல்ல மிதக்கும். அப்புறம் ஏத்தத் தண்ணியோட, அதாவது கடல்ல தண்ணி ஏறும்போது, முகத்துவாரம் வழியா ஏரிக்குள்ள வந்துடும். ஏரியில அலை கிடையாது. சேறும் பாசியும் இருக்கு, தின்ன நிறைய கிடைக்கும், பெரிய மீன்கள்கிட்டேருந்து ஒளிஞ்சுக்கவும் இடம் இருக்கு. சில மாசம் இங்கேயே தின்னு வளரும். ஓரளவு பெருசானதும் முட்டை போடறதுக்காகத் திரும்பவும் கடலுக்குக் கிளம்பிடும்.

திரும்பிப் போறதும் அதே வாய் வழியாத்தான். பெரும்பாலும் ராத்திரியில, தண்ணி வத்தி வெளியே இழுக்கும்போது போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அந்த இழுப்பு ரொம்ப அதிகமா இருக்கும்.

இப்ப நீங்களே யோசிச்சுப் பாருங்க. நீங்க மீனவரா இருந்தா எங்கே வலை போடுவீங்க? அவ்வளவு பெரிய ஏரியில தேடி அலைய மாட்டீங்க. இறால் எல்லாம் ஒண்ணா சேர்ந்து வெளியே போற முகத்துவாரம் பக்கத்து ஓடையில போய் நிப்பீங்க. கம்பு நட்டு, அதுல வலையைக் கட்டிட்டு, தண்ணி இழுக்கற வரைக்கும் காத்திருப்பீங்க. பழவேற்காட்ல சுத்து வலைன்னு சொல்றது இந்தக் கம்பு நட்டுக் கட்டற வலையைத்தான்.

பிரச்சினையும் இங்கேதான் ஆரம்பிக்குது. நீங்க நினைச்ச அதே இடத்தை ஊர்ல எல்லாரும் நினைப்பாங்க. நல்ல இடம் சில, வலை வச்சிருக்கற வீடு பல. ஒருத்தர் முன்னாடி போய்க் கட்டிட்டா பின்னாடி இருக்கறவருக்கு இறாலே வராது. முதல்ல போனவருக்கு எல்லாம்னு விட்டா தினமும் அடிதடிதான் நடக்கும். இல்லைன்னா, பணம் இருக்கறவர் ஒருத்தர் நிரந்தரமா அந்த இடத்தைப் பிடிச்சு வச்சுக்குவார்.

பாடு

இதுக்கு அந்த ஊர்க்காரங்க எப்பவோ ஒரு தீர்வு கண்டுபிடிச்சுட்டாங்க. அதுக்குப் பேர் பாடு முறை.

'இன்னைக்கு மீன்பாடு எப்படி?'ன்னு கடற்கரை ஊர்கள்ல கேப்பாங்க, வலையில எவ்வளவு விழுந்ததுன்னு அர்த்தம். இங்கே பாடுன்னா வலை கட்டற இடத்தையும், அந்த இடத்துல ஒருத்தருக்கு வர்ற முறையையும் சேர்த்துக் குறிக்குது. இடங்கள் இன்னது இன்னதுன்னு ஊருக்குத் தெரியும். யாருக்கெல்லாம் உரிமை இருக்குங்கறதுக்கு ஊர்ல ஒரு கணக்கு இருக்கு. யார், எந்த நாள், எந்த இடம்ங்கறது சுழற்சியில வரும். அதனால நல்ல இடம் ஒரே ஆள்கிட்ட தங்காது. இன்னைக்கு உங்களுக்கு முகத்துவாரத்தை ஒட்டின இடம் கிடைச்சா, அடுத்த முறை சுமாரான இடம் வரலாம். எல்லாருக்கும் நல்லதும் கெட்டதும் மாறி மாறி வந்துடும்.

இதை அரசாங்கம் எழுதிக் குடுக்கலை. பட்டினவர் சமூகத்து மீனவ ஊர்கள் தங்களுக்குள்ள வச்சுக்கிட்ட ஏற்பாடு. மீறினா ஊர்ப் பஞ்சாயத்து கேக்கும். உரிமை வேணும்னா அந்த ஊர்ல தலைக்கட்டாக் கணக்குல இருக்கணும். அதாவது ஊர் வரி கட்டற, கோயில் திருவிழாவுக்குப் பங்கு குடுக்கற ஆணா இருக்கணும்.

இது பழவேற்காட்டுக்கு மட்டும் தோணின யோசனை கிடையாது. இலங்கையில நீர்கொழும்புக் களப்புல இதே மாதிரி கம்பு நட்டு இறால் பிடிக்கறவங்க, மீனவர் சங்கங்களாச் சேர்ந்து சீட்டுக் குலுக்கி இடத்தைப் பிரிச்சுக்கறாங்க. கேரளத்துல கொச்சிக் காயல்லயும் பாடுங்கற பேர்லயே ஒரு முறை இருந்திருக்கு. எங்கெல்லாம் இடம் குறைவா, இறால் ஒரே வழியா போகுதோ, அங்கெல்லாம் மக்கள் கிட்டத்தட்ட இதே முடிவுக்கு வந்திருக்காங்க.

சரி, இது ஒரு வீட்டு வருமானத்துக்கு என்ன பண்ணுதுன்னு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். எண்கள் நான் உதாரணத்துக்குச் சொல்றது. ஒரு ஊருக்கு ராத்திரிக்கு 10 இடம், உரிமை உள்ளவங்க 40 பேர்னு வச்சுக்கங்க. நாலு நாளைக்கு ஒரு தடவை முறை வரும். மாசத்துக்கு ஏழு அல்லது எட்டு ராத்திரி. அந்த 40 பேரோட பசங்க வளர்ந்து கல்யாணமாகி அவங்களும் கணக்குல சேர, 80 பேர் ஆச்சுன்னா? எட்டு நாளைக்கு ஒரு தடவை. மாசத்துக்கு மூணு, நாலு ராத்திரிதான். ஏரி அப்படியே இருக்கு, இறால் விலை ஏறியிருக்குன்னுகூட வச்சுக்கங்க, ஆனா ஒரு வீட்டுக்கு வேலை நாள் பாதியாயிடுச்சு. இன்னொண்ணு பாருங்க. மணல் மூடி ஓடை தூர்ந்து, 10 இடம் 5 ஆச்சுன்னா? 16 நாளைக்கு ஒரு தடவை. மாசத்துக்கு ரெண்டே ராத்திரி.

அந்த ரெண்டு ராத்திரியில ஒண்ணு புயல் எச்சரிக்கை நாளா இருந்தா என்ன ஆகும்? அந்த மாசக் கணக்கு அங்கேயே உடைஞ்சு போயிடும்.

முறை இல்லாத நாள்ல வீடு எப்படி ஓடுது?

இதுதான் நான் உங்களுக்கு முக்கியமாச் சொல்ல நினைச்ச பகுதி. நாம மீனவக் குடும்பம்னு சொன்ன உடனே படகுல நிக்கற ஒரு ஆணைத்தான் மனசுல பார்க்கறோம். ஆனா வீட்டை ஓட்டறது ஒரு ஆளோட ஒரு வேலை இல்லை. பல சின்ன வருமானம் சேர்ந்ததுதான் அந்த வீடு.

முறை இல்லாத நாள்ல அவர் வேற வலையை எடுத்துக்கிட்டு மடவைக்குப் போவார், இல்லைன்னா நண்டுக்குப் போவார். சேத்து நண்டு நல்ல காசு. உயிரோட கட்டி, சென்னை வழியா சிங்கப்பூர் வரைக்கும் போகுது. பருவம் இருந்தா கடலுக்குப் போற படகுல கூலி ஆளா, பங்காளியா ஏறுவார். வலை கிழிஞ்சிருந்தா அன்னைக்கு முழுக்க உக்காந்து வலை பின்னுவார். அந்த வேலைக்கு யாரும் சம்பளம் தரப் போறதில்லை, ஆனா அதைச் செய்யலைன்னா அடுத்த முறை வீணாப் போயிடும்.

கரைக்கு வந்த பிறகு கதை பெரும்பாலும் பெண்கள் கையில. எடுத்துத் தரம் பிரிக்கறது, ஏலத்துல நிக்கறது, கூடையில வச்சு பஸ்லயோ ஷேர் ஆட்டோவுலயோ ஏத்தி ஊர் ஊரா விக்கறது, மிஞ்சினதைக் கருவாடாக் காயப் போடறது. ஐஸ் வசதி இல்லாத ஒரு வீட்டுக்குக் கருவாடுதான் ஃப்ரிட்ஜ், ஒரு விதத்துல சேமிப்பும்கூட. மீன் அதிகமா விழுந்து விலை இறங்கின நாள்ல உப்பு போட்டு வச்சா, மீன் இல்லாத வாரத்துல அது காசாகும்.

அப்புறம், பொடி மீன், உடைஞ்ச இறால், விலை போகாத நண்டு, இதெல்லாம் வீட்டுக் குழம்புக்குப் போயிடும். எந்த வருமானக் கணக்குலயும் இது வராது. ஆனா அந்த வீட்டுக் குழந்தைங்க தட்டுல புரதம் இருக்கறதுக்குக் காரணம் இந்தக் கணக்குல வராத மீன்தான். அதனால 'இந்தக் குடும்பத்தோட மாச வருமானம் இவ்வளவு, வேற வேலைக்குப் போனா இதைவிட அதிகம் கிடைக்கும்'னு பேப்பர்ல கணக்கு போடறவங்க ஒண்ணை விட்டுடறாங்க. வேற வேலைக்குப் போன அன்னைக்கு அந்தக் குழம்பு மீனையும் காசு குடுத்துத்தான் வாங்கணும்.

இப்ப கடன். கையில காசு வராத நாள்லயும் அரிசி வாங்கணும், ஸ்கூல் ஃபீஸ் கட்டணும். வலை, படகு, இன்ஜின் ரிப்பேர்னா மொத்தமாப் பணம் தேவைப்படும். பேங்க்ல அடமானம் வைக்க நிலம் கிடையாது. அதனால மீன் வியாபாரிகிட்ட முன்பணம் வாங்கறது கடற்கரை ஊர்கள்ல ரொம்ப சகஜம். இதுல வட்டியைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. முன்பணம் வாங்கிட்டா பிடிச்ச இறாலை அவருக்குத்தான் குடுக்கணும், அவர் சொல்ற விலைக்கு. சென்னையில விலை ஏறினாலும் அந்த ஏத்தம் கரையில இருக்கற வீட்டுக்கு முழுசா வந்து சேராம போறதுக்கு இது ஒரு காரணம். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இந்தக் கயித்தைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கு. குழுவுல வாங்கின கடன்ல வலை வாங்கினவங்க, தன் மீனை யாருக்கு விக்கறதுன்னு தானே முடிவு பண்ணலாம்.

இந்தக் கதை உலகம் பூராவும் இருக்கு. உலக உணவு மற்றும் வேளாண்மை அமைப்பும் மத்த ஆய்வு நிறுவனங்களும் சேர்ந்து 2023ல வெளியிட்ட அறிக்கைப்படி, உலகத்துல பிடிக்கப்படற மீன்ல குறைஞ்சது 40 சதவீதம் சிறு அளவு மீன்பிடிப்பிலேருந்து வருது. மீன்பிடித் தொழிலை நம்பி வேலை செய்யறவங்கள்ல 90 சதவீதம் பேர் இந்தச் சிறு தொழில்லதான் இருக்காங்க. அவங்கள்ல 10 பேருக்கு 4 பேர் பெண்கள்.

முறையே இல்லாத வீடுகள்

இதுவரைக்கும் கேட்டா, பாடு முறை ரொம்ப அழகான விஷயமாத் தெரியும். நானும் முதல்ல படிச்சப்போ அப்படித்தான் நினைச்சேன். சண்டை இல்லாம, அரசாங்கம் இல்லாம, மக்களே பங்கு பிரிச்சுக்கறாங்க, எவ்வளவு நல்லா இருக்குன்னு. அடுத்த கேள்வியைக் கேக்கற வரைக்கும் அந்த நினைப்பு இருந்தது. இந்தப் பட்டியல்ல பேர் இல்லாதவங்க யாரு?

ஏரியைச் சுத்தி வாழறவங்க எல்லாரும் ஒரே சமூகம் இல்லை. தலித் மக்கள் இருக்காங்க, இருளர்கள் இருக்காங்க, விவசாய வேலை குறைஞ்சதால மீன்பிடிக்கு வந்தவங்க இருக்காங்க. பாடு உரிமை பிறப்போட, சாதியோட கட்டினது. அதனால இவங்களுக்கு அந்த நல்ல இடங்கள்ல முறை கிடையாது. உரிமை உள்ள ஊர்லயும் அது ஆண்கள் பேர்லதான் இருக்கு. இறால் ஏற்றுமதி வளர்ந்து விலை ஏற ஏற, இந்தக் கோடு இன்னும் ஆழமாச்சு, தகராறும் நடந்தது. முன்னாடி யாரும் பெருசாக் கண்டுக்காத ஒரு இடம், காசு வந்ததும் எல்லாரும் கேக்கற இடமா மாறிடுச்சு.

இருளர்கள் எப்படிப் பிடிக்கறாங்கன்னு பாருங்க. வலை கிடையாது, பல பேருக்குப் படகும் கிடையாது. ஆணும் பெண்ணும் இடுப்பளவு, சில சமயம் கழுத்தளவு தண்ணியில இறங்கி, அடியில இருக்கற சேத்தைக் கையால தடவித் தடவி இறாலைப் பிடிக்கறாங்க. ரெண்டு கையும் தண்ணிக்குள்ள வேலை செய்யணும், அப்ப பிடிச்சதை எங்கே போடறது? பனையோலையில முடைஞ்ச ஒரு பறியைப் பல்லுல கடிச்சுத் தொங்க விட்டுக்கறாங்க. அதுக்குள்ள ஒவ்வொண்ணாப் போடறாங்க. மணிக்கணக்கா இப்படியே போகும். சேத்துல கிடக்கற சிப்பியும் கண்ணாடியும் காலையும் கையையும் கிழிக்கும்.

இந்த வேலைக்கு முதலீடு கிட்டத்தட்ட இல்லை, உடம்பு மட்டும்தான். அதனாலதான் நிலமும் படகும் இல்லாத ஒரு வீட்டுக்கு அன்னன்னைக்கு அரிசி வாங்க ஏரி ஒரு வழி குடுக்குது. ஆனா இதே காரணத்தால இவங்க யார் கண்ணுக்கும் தெரியாம போறாங்க. புயலோ, எண்ணெய்க் கசிவோ வந்தா நிவாரணம் யாருக்குப் போகும்? மீனவர் கூட்டுறவுச் சங்கத்துல அட்டை இருக்கறவங்களுக்கு, பதிவு பண்ணின படகு இருக்கறவங்களுக்கு. கையால தடவிப் பிடிக்கற இருளர்கள் பல பேர் அந்தப் பட்டியலுக்கு வெளியே நிக்கறாங்க. ஊர்ப் பட்டியல்லயும் பேர் இல்லை, அரசாங்கப் பட்டியல்லயும் பேர் இல்லை.

வாய் மூடினா

இப்ப முதல்ல சொன்ன வாய்க்குத் திரும்பலாம். முகத்துவாரம் ஒரு கதவு மாதிரின்னா, அதைக் கடல் மணலைக் கொண்டு வந்து மூடிக்கிட்டே இருக்கு. இந்தக் கரையோரம் அலை மணலைத் தெற்கேருந்து வடக்கே நகர்த்திக்கிட்டே போகும். ஆத்துத்தண்ணி வேகமா வந்து தள்ளினா வாய் திறக்கும், மழை ஏமாத்தினா மூடும். ரெண்டு பேரும் இழுக்கற கயிறு மாதிரி.

மூடிட்டா என்ன நடக்கும்? இறால் குஞ்சு உள்ளே வராது. உள்ளே இருக்கறது வெளியே போகாது. கோடையில தண்ணி ஆவியாகி உப்பு ஏறி மீன் சாகும். அப்ப ஊர்க்காரங்களே ஒண்ணு சேர்ந்து மணலை வெட்டி வாயைத் திறந்து விடறதும் நடந்திருக்கு. நிரந்தரமாத் திறந்து வைக்கணும்னு பல வருஷம் கேட்டு, தூண்டில் வளைவு கட்டற திட்டம் அரசு எடுத்தது அதனாலதான். நமக்கு இது ஒரு கட்டுமானச் செய்தி. அந்த வீட்டுக்கு இது மாசத்துக்கு எட்டு ராத்திரியா, ரெண்டு ராத்திரியாங்கற கேள்வி.

இதோட தெற்கே இருக்கற மாற்றங்களையும் சேர்த்துப் பார்க்கணும். எண்ணூர்ல துறைமுகம் 2001ல வந்தது, அப்புறம் காட்டுப்பள்ளியில இன்னொண்ணு. அனல்மின் நிலையங்கள் இருக்கு. எண்ணூர்க் கழிமுகமும் பழவேற்காடும் வரைபடத்துல தனித்தனியாத் தெரியும், ஆனா பக்கிங்ஹாம் கால்வாய் வழியா ரெண்டும் ஒரே நீர்வழி. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணூர்க் கழிமுகத்துல எண்ணெய் கலந்தது ஞாபகம் இருக்கும். படகு, வலை எல்லாம் கருப்பாப் போன படங்களை நாமளும் ஷேர் பண்ணினோம். அந்தச் சேத்துலதான் கையை விட்டு இறால் தடவறாங்கங்கறதை அந்தப் படங்கள் பெரும்பாலும் காட்டலை.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கற திட்டத்தை பழவேற்காட்டு மீனவர்கள் ஏன் எதிர்க்கறாங்கன்னு பல பேர் கேக்கறாங்க. வேலை வருமே, வளர்ச்சி வருமேன்னு. இப்ப நீங்க பதில் சொல்ல முடியும்னு நினைக்கறேன். கடலுக்குள்ள பெரிய கட்டுமானம் வந்தா மணல் நகர்ற விதம் மாறும். மணல் மாறினா கரையும் மாறும், வாயும் மாறும். வாய் மாறினா இறால் வர்ற வழி மாறும். புதுசா வர்ற வேலை வீட்ல ஒரு பையனுக்குக் கிடைக்கலாம், அதுவும் காண்ட்ராக்ட்ல. ஏரி குடுத்தது அப்பாவுக்கு, அம்மாவுக்கு, கருவாடு போடற பாட்டிக்கு, படகே இல்லாத பக்கத்து வீட்டுக்கு. இந்த ரெண்டையும் ஒரே தராசுல வைக்கறது அவ்வளவு சுலபம் இல்லை.

நீதிமன்றம் இந்த ஏரியைக் காப்பாத்தின ஒரு சந்தர்ப்பமும் இருக்கு, அதையும் சொல்லணும். 1990கள்ல கடற்கரை முழுக்க இறால் பண்ணைகள் பெருகிச்சு. வயலைத் தோண்டிக் குட்டை போட்டு, உப்புத்தண்ணி ஏத்தி, மருந்து போட்டு, கழிவைத் திரும்ப வெளியே விட்டாங்க. குடிதண்ணியும் நிலமும் கெட்டுது. அதை எதிர்த்து காந்தியவாதியும் சர்வோதயத் தலைவருமான எஸ். ஜகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11ல தீர்ப்பு வந்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள்ள இறால் பண்ணைத் தொழில் கூடாதுன்னு சொன்னதோட, ரெண்டு ஏரியைப் பேர் சொல்லிக் குறிப்பிட்டாங்க. சிலிகா, பழவேற்காடு. இந்த ரெண்டு ஏரிக்கும் 1,000 மீட்டர் தூரத்துக்குள்ள அந்தப் பண்ணைகள் கூடாதுன்னு. பிறகு 2005ல நாடாளுமன்றம் தனிச் சட்டம் கொண்டு வந்து பண்ணைகளுக்குப் பதிவு முறையை ஏற்படுத்தினது வேற கதை. ஆனா, இயற்கையா இறால் வளர்ற இடத்தை நம்பி வாழ்க்கை இருக்குங்கறதை ஒரு நீதிமன்றம் ஒத்துக்கிட்ட நாள் அது.

அப்ப என்ன பண்ணணும்?

பாடு முறையைத் தூக்கிடலாமான்னு கேட்டா, எனக்கு பயமா இருக்கு. அது இல்லைன்னா, பெரிய வலையும் வேகமான இன்ஜினும் இருக்கறவர் கைக்கு நல்ல இடம் போயிடும். முறைங்கறது ஒரு பாதுகாப்பு. அப்படியே இருக்கட்டும்னு சொல்லவும் முடியலை, ஏன்னா பிறப்பால சிலரை வெளியே நிறுத்தற முறையை நியாயம்னு எப்படிச் சொல்றது? என் கருத்து, முறை இருக்கணும், பட்டியல் விரியணும். யார் அந்தத் தண்ணியில தினமும் இறங்கறாங்களோ அவங்களையெல்லாம் கணக்குல எடுக்கணும். வலை போடறவர், கையால தடவறவர், கரையில விக்கற அம்மா, எல்லாரும். குறைஞ்சபட்சம், நிவாரணப் பட்டியல்லேருந்து அதை ஆரம்பிக்கலாம். அதுக்கு யாரும் தன் இடத்தை விட்டுக் குடுக்கத் தேவையில்லை. அரசாங்கம் ஒரு கணக்கெடுப்பு நடத்தினா போதும்.

ஆனா பட்டியலை எவ்வளவு நல்லாப் பிரிச்சாலும், வாய் மூடினா பிரிக்கறதுக்கு எதுவும் இருக்காது. அதனால ரெண்டையும் சேர்த்தே பேசணும்.

நாம என்ன பண்ணலாம்னு கேப்பீங்க. பெருசா ஒண்ணும் சொல்லப் போறதில்லை. பழவேற்காடு போனா பூநாரையைப் பாருங்க, போட் ரைடும் போங்க. அப்படியே காலைல ஏலம் நடக்கற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி போய், கரையில உக்காந்திருக்கற அம்மாக்கள்கிட்ட நேரடியா வாங்குங்க. பேரம் பேசறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: "இந்த மாசம் வாய் திறந்திருக்காம்மா?" நீங்க அந்தக் கேள்வி கேட்டதுலேயே பேச்சு வேற மாதிரி போகும். அவங்க சொல்றதைக் கேட்டுட்டு வந்து எங்களுக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. வர்றதுல சிலதை அடுத்த எபிசோடில் சேர்க்கலாம்.